50 கிலோ மூட்டையைத் தூக்கும் சக்தி எங்கிருந்து வருது? சென்னையில் படித்த சுப்பாராவும் 'ஏ.டி.பி'யின் கதையும்

மதுரை மாட்டுத்தாவணியில் ஊர் தூங்கிய பிறகுதான் பரபரப்பே தொடங்கும். ஒருபக்கம் பேருந்து நிலையத்தில் வெளியூர் பஸ்கள் வந்து போய்க்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம் காய்கறி மார்க்கெட்டில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். வெங்காய மூட்டை, தக்காளிப் பெட்டி, முட்டைக்கோஸ் சாக்கு என்று லோடுமேன்கள் விடிய விடிய இறக்கிக்கொண்டே இருப்பார்கள்.

இந்த இடத்தின் பெயரிலேயே உழைப்பு இருக்கிறது. 'தாவணி' என்றால் மாடுகளைக் கட்டி வைத்து விற்கும் சந்தை. மாட்டின் தசைக்கு விலை பேசிய இடத்தில் இன்று மனிதர்களின் தோள்கள் பாரம் சுமக்கின்றன.

அந்தத் தோளுக்கு சக்தி எங்கிருந்து வருது? "சாப்பாட்டிலிருந்து" என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் சாப்பிட்டது ராத்திரி 9 மணிக்கு, நாலு இட்லி. மூட்டை தூக்குவது அதிகாலை 3 மணிக்கு. வயிற்றுக்குள் போன இட்லி, தோளில் இருக்கும் தசையை எப்படி இழுக்கும்? இடையில் என்ன நடக்கிறது?

இந்தக் கேள்விக்கான விடையின் முக்கியமான பகுதியை 1920-களில் கண்டுபிடித்தவர்களில் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

இட்லியை நேரடியாகச் செலவழிக்க முடியாது

மாட்டுத்தாவணியில் டவுன் பஸ்ஸில் ஏறி 500 ரூபாய் நோட்டை நீட்டினால் கண்டக்டர் என்ன சொல்வார்? "சில்லறையா கொடுங்க" என்பார். உங்கள் கையில் பணம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வடிவத்தில் அந்த இடத்தில் அது செல்லாது.

செல்லுக்குள்ளும் இதே கதைதான். இட்லியில் இருக்கும் மாவுச்சத்து குடலில் உடைந்து குளுக்கோஸ் ஆகிறது. குளுக்கோஸ் ரத்தத்தில் ஏறி செல்லுக்குள் போகிறது. ஆனால் குளுக்கோஸ் என்பது 500 ரூபாய் நோட்டு. தசையை இழுக்க, நரம்பில் செய்தி அனுப்ப, புதிய புரதம் கட்ட என்று செல் செய்யும் ஒவ்வொரு சின்ன வேலைக்கும் சில்லறைதான் வேண்டும். அந்தச் சில்லறையின் பெயர் ஏ.டி.பி. விரித்துச் சொன்னால் அடினோசின் ட்ரை பாஸ்பேட்.

பாக்டீரியா, நெற்பயிர், மல்லிகைச் செடி, காளை மாடு, மனிதன் என எல்லா உயிர்களின் செல்லுக்குள்ளும் இதே ஏ.டி.பி-தான் செல்லுபடியாகும் காசு.

ஏ.டி.பி-யில் அப்படி என்ன இருக்கு?

பெயரிலேயே விடை இருக்கிறது. 'ட்ரை' என்றால் மூன்று. அடினோசின் என்ற மூலக்கூறின் வாலில் மூன்று பாஸ்பேட் துண்டுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

இந்த மூன்றுக்கும் ஒரே வகை மின்னூட்டம். அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் சீட்டில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்தது மாதிரி. ஓரத்தில் இருப்பவர் எழுந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி.

கடைசி பாஸ்பேட் இப்படிக் கழன்று வேறொரு இடத்துக்கு மாறும்போது, மொத்தக் கணக்கில் சக்தி மிச்சமாகிறது. அந்த மிச்சத்தை வைத்துத்தான் செல் தன் வேலையைச் செய்துகொள்கிறது. பாஸ்பேட் போன பிறகு மீதி இருப்பது இரண்டு பாஸ்பேட் கொண்ட ஏ.டி.பி-யின் தம்பி, அதாவது ஏ.டி.பி-யிலிருந்து பிறந்த அடினோசின் டை பாஸ்பேட். சுருக்கமாக 'காலி ஏ.டி.பி' என்று வைத்துக்கொள்ளலாம்.

தசையில் இது எப்படி வேலை செய்கிறது? சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் தேர் வடம் பிடிப்பதை நினைத்துப் பாருங்கள். வடத்தைப் பிடிப்பது, இழுப்பது, விடுவது, கொஞ்சம் முன்னால் போய் மறுபடி பிடிப்பது. தசைக்குள் 'ஆக்டின்' என்ற புரத இழைதான் வடம். 'மயோசின்' என்ற புரதம்தான் வடம் பிடிக்கும் கைகள். ஒவ்வொரு கையும் ஒவ்வொரு தடவை பிடித்து, இழுத்து, விடுவதற்கு ஒரு ஏ.டி.பி செலவாகும்.

இதில் ஒரு ஆச்சரியம் உண்டு. இழுப்பதற்கு மட்டுமல்ல, பிடியை விடுவதற்கும் ஏ.டி.பி வேண்டும். ஒருவர் இறந்த சில மணி நேரத்தில் உடல் விறைத்துப்போவது இதனால்தான். ஏ.டி.பி தீர்ந்துபோன தசையில் எல்லாக் கைகளும் வடத்தைப் பிடித்தபடியே நின்றுவிடுகின்றன.

உடம்பில் இருப்பு எவ்வளவு?

இங்கேதான் பலரும் எதிர்பார்க்காத விஷயம் வருகிறது. ஒரு மனித உடலில் எந்த நேரத்திலும் இருக்கும் மொத்த ஏ.டி.பி, பாடநூல்கள் பரவலாகச் சொல்லும் கணக்குப்படி, சுமார் 50 கிராம்தான். ஒரு கைப்பிடிகூட இல்லை.

ஆனால் ஒருநாளில் உடல் செலவழிக்கும் ஏ.டி.பி-யைக் கூட்டினால், ஏறக்குறைய அந்த மனிதரின் எடை அளவுக்கு வரும். 60 கிலோ எடையுள்ளவர் ஒருநாளில் கிட்டத்தட்ட 60 கிலோ ஏ.டி.பி-யைச் செலவழிக்கிறார். கையில் 50 கிராம்தான் இருக்கு, செலவு 60 கிலோ. இது எப்படி?

மார்க்கெட்டில் தக்காளி வரும் பிளாஸ்டிக் பெட்டிகளைப் பார்த்தால் புரியும். ஒவ்வொரு லோடுக்கும் புதுப் பெட்டி வாங்குவதில்லை. தக்காளியை இறக்கியதும் காலிப் பெட்டி திரும்பிப்போகும், நிரம்பி வரும். பெட்டிகள் கொஞ்சம்தான், நடைகள் அதிகம். ஏ.டி.பி-யும் அப்படித்தான். ஒவ்வொரு மூலக்கூறும் காலியாகி, நிரம்பி, மறுபடி காலியாகி, ஒருநாளில் ஆயிரம் தடவைக்கு மேல் சுற்றி வருகிறது.

அப்படியென்றால் உயிரோடு இருப்பது என்பது சக்தியைச் சேர்த்து வைத்திருப்பதில் இல்லை. அந்தச் சுற்று நிற்காமல் ஓடுவதில் இருக்கிறது.

மூட்டை தூக்கும் முதல் 10 நொடி

லோடுமேன் குனிந்து மூட்டையைத் தோளுக்கு ஏற்றும் அந்தச் சில நொடிகளில் தசைக்குத் தேவைப்படும் ஏ.டி.பி சாதாரண நேரத்தைவிடப் பல மடங்கு. தசையில் தயாராக இருக்கும் ஏ.டி.பி இரண்டு, மூன்று நொடிக்குத்தான் தாங்கும். அதன்பிறகு என்னாகும்? மூன்று வழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைகொடுக்கின்றன.

முதல் வழி: கிரியேட்டின் பாஸ்பேட். இது தசைக்குள் பக்கத்திலேயே வைத்திருக்கும் அவசரக் கைமாற்று. காலி ஏ.டி.பி-க்குத் தன்னிடம் இருக்கும் பாஸ்பேட்டை உடனே கொடுத்து நிரப்பிவிடும். ஆனால் சுமார் 10 நொடிக்குள் இதுவும் பெரும்பாலும் தீர்ந்துவிடும். 100 மீட்டர் ஓட்டக்காரர்கள் இதை நம்பித்தான் ஓடுகிறார்கள்.

இரண்டாவது வழி: ஆக்சிஜன் இல்லாமலேயே குளுக்கோஸைப் பாதியில் உடைப்பது. வேகமான வழி, ஆனால் லாபம் குறைவு. ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏ.டி.பி-தான் மிஞ்சும். இதில் 'லாக்டேட்' என்ற பொருள் உண்டாகிறது. ஒன்று, இரண்டு நிமிடம் கடுமையாக வேலை செய்யும்போது இந்த வழிதான் பெரும்பங்கு.

மூன்றாவது வழி: ஆக்சிஜனோடு சேர்த்து குளுக்கோஸையும் கொழுப்பையும் முழுசாக எரிப்பது. மெதுவாகச் சூடுபிடிக்கும், ஆனால் மணிக்கணக்கில் ஓடும். ஒரு குளுக்கோஸுக்கு 30 முதல் 32 ஏ.டி.பி கிடைக்கும். பழைய பாடப்புத்தகத்தில் 36, 38 என்று படித்தவர்கள் இருப்பீர்கள். பிற்கால ஆய்வுகளில் அந்தக் கணக்கு குறைந்துவிட்டது.

மூட்டையை இறக்கிவைத்த பிறகும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்குகிறதே, ஏன்? தீர்ந்துபோன கிரியேட்டின் பாஸ்பேட்டைத் திரும்ப நிரப்ப ஆக்சிஜன் வேண்டும். முதல் சில நொடிகளில் வாங்கிய கைமாற்றை உடம்பு அடைக்கிற நேரம் அது. அடுத்த மூட்டைக்கு முன் ஒன்றிரண்டு நிமிடம் நிற்பதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். தசை கேட்கும் அவகாசம் அது.

"லாக்டிக் ஆசிட் தேங்கியதால்தான் மறுநாள் உடம்பு வலி" என்று சொல்வதும் சரியல்ல. வேலை முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் லாக்டேட் பெரும்பாலும் ரத்தத்திலிருந்து நீங்கிவிடும். இதயம் அதை எரிபொருளாகவே பயன்படுத்தும், கல்லீரல் அதை மறுபடி குளுக்கோஸாக மாற்றும். மறுநாள் வலிக்கு முக்கியக் காரணம், பழக்கமில்லாத பாரத்தால் தசை இழைகளில் ஏற்படும் மிகச்சிறு சிதைவுகளும் அதைத் தொடர்ந்து வரும் அழற்சியும்தான்.

யார் இந்த சுப்பாராவ்?

இப்போது ஆந்திராவில் இருக்கும் பீமாவரத்தில், அன்றைய சென்னை மாகாணத்தில், 1895 ஜனவரி 12-ல் பிறந்தவர் சுப்பாராவ். சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி, பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி என்று அவருடைய படிப்பு நகர்ந்தது.

காந்தியின் அழைப்பை ஏற்று அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதர் உடையில் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. தேர்வுகளை நன்றாக எழுதியும் அவருக்கு எம்.பி.பி.எஸ் பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்ததாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ் சான்றிதழ்தான் கிடைத்தது. கொஞ்ச காலம் சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்தார்.

1923-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் போனார். எல்.எம்.எஸ்-ஸை வைத்து அங்கே மருத்துவராக வேலை பார்க்க முடியாது. மருத்துவமனையில் இரவு நேர எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே படித்தார். பிறகு ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சைரஸ் ஃபிஸ்கே என்ற உயிர்வேதியியலாளரோடு சேர்ந்தார்.

இருவரும் 1925-ல் ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸை அளக்க எளிமையான முறை ஒன்றை வெளியிட்டார்கள். பாஸ்பேட் எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்குக் கரைசல் நீல நிறமாகும். 'ஃபிஸ்கே - சுப்பாராவ் முறை' என்ற பெயரில் அது இன்றும் உயிர்வேதியியல் மாணவர்களின் பாடத்தில் இருக்கிறது.

அந்த முறையில் தசையைச் சோதித்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. நீலம் உடனே முழுசாக வரவில்லை. நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போனது. ஏதோ ஒரு பொருள் மெல்ல மெல்ல உடைந்து பாஸ்பேட்டை வெளியே விடுகிறது என்று அதற்கு அர்த்தம். அந்தப் பொருளைத் தேடிப்போனதில்தான் 1927-ல் கிரியேட்டின் பாஸ்பேட் கிடைத்தது. அதே காலத்தில் பிரிட்டனில் எகிள்டன் தம்பதியும் இதே பொருளின் தடயத்தைக் கண்டிருந்தார்கள்.

1929-ல் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் தசையிலிருந்து ஏ.டி.பி-யைப் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமன் தனியாக இதையே கண்டுபிடித்தார். லாக்டிக் அமிலம்தான் தசையை இயக்குகிறது என்று அதுவரை இருந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. 1941-ல் ஃப்ரிட்ஸ் லிப்மன், செல்லின் சக்திப் பரிமாற்றம் முழுக்க இந்த பாஸ்பேட்டைச் சுற்றித்தான் நடக்கிறது என்று விளக்கிக் கட்டுரை எழுதினார்.

சுப்பாராவுக்கு ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லே மருந்து ஆய்வகத்தில் சேர்ந்தார். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது, புற்றுநோய்க்கான மெத்தோட்ரெக்ஸேட், யானைக்கால் நோய்க்கான டை எத்தில் கார்பமசின் என்று அவர் வழிநடத்திய குழுக்களின் பட்டியல் நீளம். 1948 ஆகஸ்டில், 53 வயதில் இறந்தார். நோபல் பரிசு கிடைக்கவில்லை. 1995-ல் அவருடைய நூற்றாண்டுக்கு இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது.

செல்லுக்குள் ஒரு லோயர் கேம்ப்

சரி, காலி ஏ.டி.பி-யை இவ்வளவு வேகமாக நிரப்புவது யார்? செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா. அது எப்படி நிரப்புகிறது என்பதைப் புரிந்துகொள்ள மதுரைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு உதாரணம் உண்டு.

முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தமிழகப் பக்கம் வந்து, பெரிய குழாய்களில் கீழே பாய்ந்து, தேனி மாவட்டம் லோயர் கேம்ப் மின் நிலையத்தில் டர்பைனைச் சுற்றுகிறது. உயரத்தில் தேங்கி நிற்கும் தண்ணீர், கீழே இறங்கத் துடிக்கும் அந்த வேகம்தான் மின்சாரம். அந்தத் தண்ணீர் பிறகு வைகை அணைக்கு வந்து சேர்கிறது.

மைட்டோகாண்ட்ரியாவிலும் ஒரு அணை இருக்கிறது. அதன் உள்சவ்வுதான் அந்த அணை. இட்லியிலிருந்து வந்த குளுக்கோஸை எரிக்கும்போது கிடைக்கும் சக்தியை வைத்து, புரோட்டான்கள் என்ற ஹைட்ரஜன் துகள்களைச் சவ்வின் ஒரு பக்கமாகத் தள்ளித் தேக்குகிறது. தேங்கிய புரோட்டான்கள் மறுபக்கம் இறங்க ஒரே ஒரு வாசல். அந்த வாசலில் இருக்கும் டர்பைன்தான் 'ஏ.டி.பி சிந்தேஸ்'.

டர்பைன் என்பது இங்கே வெறும் உவமை இல்லை. அந்தப் புரதம் நிஜமாகவே சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 3 ஏ.டி.பி தயாராகும். நொடிக்கு நூறு சுற்றுக்கு மேல்கூடச் சுற்றும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997-ல் அதைச் சுற்றவைத்து நுண்ணோக்கியில் கண்ணால் பார்த்தே உறுதி செய்தார்கள்.

புரோட்டான்களைத் தேக்கித்தான் செல் ஏ.டி.பி தயாரிக்கிறது என்று 1961-ல் பிரிட்டன் விஞ்ஞானி பீட்டர் மிட்செல் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1978-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. டர்பைன் வேலை செய்யும் விதத்தை விளக்கியதற்காக பால் பாயர், ஜான் வாக்கர் இருவருக்கும் 1997-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் கடைசியில் வந்து சேரும் இடம் இதுதான். குளுக்கோஸை எரித்த பிறகு மிஞ்சும் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். அது வரவில்லை என்றால் தேக்குவது நிற்கும், டர்பைன் நிற்கும், ஏ.டி.பி நிற்கும்.

சேமிப்பு எங்கே இருக்கு?

ஏ.டி.பி என்பது கைச்செலவுக் காசு, அதைச் சேமித்து வைக்க முடியாது. சேமிப்புக்கு உடல் வேறு இரண்டு இடம் வைத்திருக்கிறது.

ஒன்று கிளைக்கோஜன். குளுக்கோஸைக் கோத்துக் கோத்துக் கட்டிய சங்கிலி. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம் வரை இருக்கும். ராத்திரி 9 மணி இட்லி அதிகாலை 3 மணிக்குக் கைகொடுப்பது இப்படித்தான்.

இன்னொன்று கொழுப்பு. ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கிலோகலோரி என்றால், ஒரு கிராம் கொழுப்பில் 9. அதோடு கிளைக்கோஜன் தன் எடையைப் போல மூன்று மடங்கு தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 கிலோ கொழுப்பில் இருக்கும் சக்தி சுமார் 90,000 கிலோகலோரி. அதே சக்தியைக் கிளைக்கோஜனாக வைத்திருந்தால் தண்ணீரோடு சேர்த்து சுமார் 90 கிலோ எடை வரும். ஒன்றே முக்கால் மூட்டையை எந்நேரமும் உடம்பிலேயே சுமந்து திரிய வேண்டியிருக்கும்.

பறித்த மல்லிகையும் மூச்சு விடுது

இதே கணக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலும் ஓடுகிறது. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை அதிகாலையில் மொட்டாகவே பறிப்பார்கள். சாயங்காலம்தான் அது விரியும்.

பறித்த பிறகு இலையிலிருந்து சர்க்கரை வராது. மொட்டுக்குள் இருக்கும் கொஞ்சம் சர்க்கரையை எரித்து, ஏ.டி.பி தயாரித்துத்தான் அது உயிரோடு இருக்கிறது, விரிகிறது, மணக்கிறது. சர்க்கரை தீர்ந்தால் வாடிவிடும்.

பூவைச் சாக்கில் அமுக்கிக் கட்டினால் உள்ளே சூடாகும். அந்தச் சூடு வெயிலால் மட்டும் வருவதில்லை. ஆயிரக்கணக்கான மொட்டுகள் சுவாசிப்பதால் வரும் வெப்பமும் அதில் உண்டு. சூடு ஏற ஏற சுவாசம் வேகமாகும், சர்க்கரை இன்னும் சீக்கிரம் தீரும். பொதுவாக 10 டிகிரி கூடினால் சுவாச வேகம் இரண்டு, மூன்று மடங்காகும். வெளியூருக்கு அனுப்பும் பூவுக்கு ஐஸ் வைப்பது இதனால்தான். குளிரில் பூ மெதுவாகச் செலவழிக்கும்.

மூட்டை தூக்கினால் ஏன் இவ்வளவு வியர்வை?

50 கிலோ மூட்டையை ஒன்றரை மீட்டர் உயரம் தூக்க, இயற்பியல் கணக்குப்படி தேவைப்படும் சக்தி 0.18 கிலோகலோரிதான். ஆனால் தசை செலவழிக்கும் சக்தியில் 20 முதல் 25 சதவீதம்தான் வேலையாக மாறும். மீதி எல்லாம் வெப்பம். அதனால் உண்மையான செலவு சுமார் முக்கால் கிலோகலோரி. இதில் நடப்பதும் சொந்த உடம்பைக் குனிந்து நிமிர்த்துவதும் சேரவில்லை.

அதாவது மூட்டை தூக்கும் ஒவ்வொரு தடவையும் உடம்புக்குள் அடுப்பு எரிகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற ஒரே முக்கிய வழி வியர்வை. மதுரையில் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாள்களில், தண்ணீர் குடிக்காமல் தொடர்ந்து பாரம் தூக்கினால் வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். தலைசுற்றல், குழப்பமான பேச்சு வந்தால் அது வெப்ப பக்கவாதமாக இருக்கலாம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பில் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்து, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

எனர்ஜி டிரிங்க் குடித்தால் சக்தி வருமா?

ஏ.டி.பி-யில் 'ஏ' என்பது அடினோசின். நாள் முழுக்க வேலை செய்யச் செய்ய, மூளையில் அடினோசின் சேர்ந்துகொண்டே போகும். அது தனக்கான வாங்கிகளில் போய் உட்கார்ந்ததும் தூக்கம் கண்ணைச் சுழற்றும். "போதும், ஓய்வெடு" என்று செல்கள் அனுப்பும் தகவல் அது.

டீ, காபி, எனர்ஜி டிரிங்க் எல்லாவற்றிலும் இருக்கும் காஃபின் என்ன செய்கிறது? அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. தகவல் போய்ச் சேராது. களைப்பு அப்படியே இருக்கும், தெரியாது, அவ்வளவுதான். காஃபின் ஒரு ஏ.டி.பி-யைக்கூடத் தயாரித்துக் கொடுப்பதில்லை. அதில் இருக்கும் சர்க்கரை மட்டும்தான் எரிபொருள். அதை ஒரு வாழைப்பழமும் கொடுக்கும்.

இரவில் ஒரு டீ குடிப்பதில் தப்பில்லை. ஆனால் தூங்காமல் அடுத்தடுத்து குடித்துக்கொண்டு லாரி ஓட்டுவதோ பாரம் தூக்குவதோ ஆபத்து. குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் இந்த வகை பானங்களைத் தவிர்க்க வேண்டும் என்று பாட்டிலிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருக்கும்.

சாப்பிட்டும் சக்தி இல்லையா?

நன்றாகச் சாப்பிட்டும் எந்நேரமும் அசதியாக இருக்கிறதா? அடிக்கடி தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் எடை குறைவதும் சேர்ந்தால் ரத்த சர்க்கரையைச் சோதிப்பது அவசியம்.

சர்க்கரை நோயில் ரத்தத்தில் குளுக்கோஸ் நிறைய இருக்கும். ஆனால் தசைச் செல்லுக்குள் போக வாசலைத் திறக்க வேண்டிய இன்சுலின் போதாமல் இருக்கும், அல்லது அதன் பேச்சை செல் கேட்காது. மார்க்கெட் வாசலில் லோடு வந்து குவிந்து கிடக்கும், உள்ளே கடைகள் காலி. இந்த நிலையில் 'தெம்புக்கு' என்று குளுக்கோஸ் பவுடர் கரைத்துக் குடித்தால் வாசலில் இன்னும் நெரிசல்தான் கூடும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ரத்த சர்க்கரைப் பரிசோதனை இலவசம்.

அந்த 4 நிமிடம் ஏன் முக்கியம்?

மூளையின் எடை உடலில் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வில் இருக்கும் உடலின் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. நரம்பு செல்லுக்குள் சோடியம் அதிகமாகிவிடாமல் வெளியேற்றும் பம்ப்புகளை ஓட்டவே அதில் பெரும்பகுதி போய்விடும்.

தோள்பட்டைத் தசைக்கு ஆக்சிஜன் தட்டுப்பட்டால் ஒன்றிரண்டு நிமிடம் சமாளிக்கும். மூளைக்கு அப்படிச் சமாளிக்கப் பெரிய சேமிப்பு கிடையாது. இதயம் நின்று ரத்தம் வராமல் போனால் சில நொடிகளில் நினைவு தப்பும். நிமிடங்களில் ஏ.டி.பி தீர்ந்து, பம்ப்புகள் நின்று, செல்கள் வீங்கத் தொடங்கும். 4 முதல் 6 நிமிடத்துக்குள் நிரந்தர பாதிப்பு ஆரம்பமாகலாம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

ஆகவே, ஒருவர் திடீரென்று மயங்கி விழுந்து, தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லாமல், மூச்சும் இல்லாமல் இருந்தால் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. 108-க்கு அழைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை மார்பின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

மார்பு வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் "வாயுதான், மூட்டை தூக்கினதால பிடிச்சிருக்கு" என்று தள்ளிப்போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதயத் தசையில் இருக்கும் ஏ.டி.பி சில நொடித் துடிப்புக்குத்தான் போதும். அடைபட்ட ரத்தக்குழாயைத் திறக்கும் வரை, அந்தப் பகுதி செல்கள் ஒவ்வொரு நிமிடமும் இறந்துகொண்டிருக்கும்.

மார்பை அழுத்துவதால் புதிதாக எந்த சக்தியும் உருவாவதில்லை. ரத்தத்தில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் குளுக்கோஸையும் மூளைக்குத் தள்ளிவிடுகிறது. கொஞ்சமாவது ஏ.டி.பி நிரம்பிக்கொண்டிருக்கும். மருத்துவர் கைக்குப் போகும்வரை ஒருவர் உயிரைப் பிடித்து வைக்க அந்தக் கொஞ்சமே போதுமானதாக இருக்கலாம்.